லைனிலேயே இருங்கள்

என் சீட்டில் நாற்பத்தேழு. சுவரில் சிவப்பு எழுத்தில் இருபத்தெட்டு. நடுவில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் கிழடுகள். நவம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் இருக்கிற பென்சன்காரர்கள் எல்லாரும் தலையைச் சீவிக்கொண்டு பேங்கில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும், நான் இன்னும் சாகவில்லை ஐயா என்று சொல்ல. வாயால் சொன்னால் செல்லாது. விரலை அந்தக் கறுப்புப் பெட்டியின் கண்ணாடியில் வைக்க வேண்டும், பச்சை விளக்கு எரிந்தால் இருக்கிறோம், சிவப்பு எரிந்தால் இல்லை. போன வருஷம் எனக்கு நாலு தடவை சிவப்பு. மூன்றாம் கவுண்டர் பெண், இசக்கிசெல்வி என்று பலகை வைத்திருக்கிறாள், தன் கைக்குட்டையால் என் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். "ரேகை தேஞ்சு போச்சும்மா உங்களுக்கு. பாத்திரம் ரொம்ப விளக்குவீங்களோ?" என்றாள். பாத்திரம் என்ன பாத்திரம், முப்பத்துமூன்று வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வயரைக் குத்திப் பிடுங்கின விரலாக்கும் இது, இந்த ஊரில் பாதிப் பேருடைய கல்யாணமும் சாவும் இந்த விரல் வழியாகத்தான் போயிருக்கிறது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அப்போது எனக்குப் பெருமை இருந்தது. இந்த வருஷம் அவள் இருக்கிற பக்கமே முகத்தைக் காட்ட முடியாமல் தூணுக்குப் பின்னால் நாற்காலி பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்தேழு மூன்றாம் கவுண்டரில் விழக் கூடாது, ஒன்றில் விழட்டும், இரண்டில் விழட்டும், ஆண்டவரே. ஜெபத்தை எதற்கெல்லாம் செலவழிக்கிறேன் பார். மார்ச் மாதத்துக்குப் பிறகு இந்தப் படி ஏறுவது இன்றுதான். பென்சனைக்கூட வெளியில் மெஷினில் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறேன்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் இருக்கும். அவர் கையில் நாற்பத்தாறு. எனக்கு முந்தினவர். எழுபது தாண்டியிருக்கும், வெள்ளைச் சட்டை, வேர்வையில் பாதி கரைந்த திருநீறு, மடியில் ஒரு நகைக்கடைப் பை. பைக்குள் டெபாசிட் பத்திரங்கள், அந்தப் பச்சை ஓரம் எனக்குத் தெரியாதா. சட்டைப் பையில் போன் நிற்கிறது. படுக்கவில்லை, நிற்கிறது, பையின் வாய்க்கு மேலே அதன் கண் மட்டும் எட்டிப் பார்க்கிறபடி. அதிலிருந்து ஒரு வயர் இடது காதுக்கு ஏறுகிறது. பாட்டுக் கேட்கிறார். கிரிக்கெட்டாக இருக்கும். பாட்டுக் கேட்கிறவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டாரா, இவர் முதுகு சாயவே இல்லையே, பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பது மாதிரி, முட்டி இரண்டும் ஒட்டி. சாராள், உனக்கு எதற்கு. ஊரார் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் உன் வீட்டுக் கூரையைப் பார். முப்பது. ஒரு நம்பர் தள்ளிவிட்டுப் போட்டுவிட்டார்கள் போல, யாரோ வரவில்லை, செத்திருப்பார்.

எக்ஸ்சேஞ்சில் நாங்கள் முதுகை இப்படித்தான் வைத்திருப்போம். போர்டுக்கு முன்னால் உயரமான நாற்காலி, தலையில் ஹெட்போன், பின்னால் குதிகால் செருப்புச் சத்தத்தோடு சூப்பர்வைசர் மிஸ் லாரன்ஸ் நடந்துகொண்டே இருப்பாள். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், அவள் வந்து நம் இடத்தில் நின்றால்தான் எழுந்திருக்கலாம், ஐந்து நிமிஷம், அதற்குமேல் என்றால் நோட்டில் ஏறிவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மூன்று சட்டம் சொல்லிவிட்டாள். மணி அடித்தால் எடுக்காமல் விடாதே. பேசுகிறவர்கள் பேச்சில் காதை வைக்காதே, காதில் விழுந்தாலும் வெளியே சொல்லாதே. லைனை நீயாக அறுக்காதே. மூன்று நிமிஷம் ஆனதும் "பேசி முடிச்சாச்சா?" என்று கேள், பதில் இல்லையென்றால் இன்னொரு தரம் கேள், அப்புறம்தான் வயரைப் பிடுங்கு. ரகசியம் காப்பேன் என்று எழுதிக் கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, எழுபத்தெட்டிலோ என்னவோ, தூக்கக் கலக்கத்தில் தப்பான வயரைப் பிடுங்கிவிட்டேன். பம்பாயிலிருந்து ஒரு பையன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் "எலே, எலே ராசா" என்று வெறும் லைனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மெமோ கொடுத்தார்கள். மெமோவை மறந்துவிட்டேன், அந்தக் குரலை மறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு லைனையும் நான் அறுத்தது இல்லை. விளம்பரத்துக்குக் கூப்பிடுகிற பெண்களைக்கூட அவர்கள் பேசி முடிக்கிறவரை கேட்டுவிட்டு "சரிம்மா, வேண்டாம், வைக்கட்டுமா?" என்று கேட்டுத்தான் வைப்பேன். என் அண்ணன் மகள் ஹெப்சிபா சென்னையிலிருந்து வந்திருக்கும்போது பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க திருந்தவே மாட்டீங்க" என்றாள். ஆமாம், திருந்தவில்லை. அதைத்தானே அவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

முப்பத்துநாலு. இப்போது ஒரு இருமல் கேட்டது. அவர் இருமவில்லை. அவர் காதிலிருந்து வந்தது, காது மந்தம் போல, சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறார், வயர் வழியாக வெளியே கசிகிறது. இருமல், அப்புறம் நாற்காலியை இழுக்கிற சத்தம், அப்புறம் டெலிபோன் மணி இரண்டு தரம் அடிக்கிறது, வயர்லெஸ்ஸில் ஒருவன் இந்தியில் கரகரவென்று ஏதோ சொல்கிறான். இல்லை. இருமல் எல்லாருக்கும் உண்டு. மணியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவிக்கு எங்கே பார்த்தாலும் மணிதான் கேட்கும். நாலு நிமிஷம் பொறு. நாலு நிமிஷம் கழித்து வரவில்லையென்றால் கிரிக்கெட்தான். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. எதிரே ஒரு அம்மாள் வாழைப்பழம் உரித்துப் பாதியைப் பையில் வைக்கிறாள். வாசல் காவலாளி கண்ணாடிக் கதவை யாரும் வராமலே திறந்து மூடுகிறார். எனக்குத் தண்ணீர் தவிக்கிறது. முப்பத்தாறு. ஐம்பத்தாறு ஆகப் போகிறது. இருமல். நாற்காலி. இரண்டு மணி. கரகரப்பு. அதே ஆள், அதே வார்த்தை, அதே மூச்சு.

என் ஒரு பெருமை இந்தக் காது. குரலை வைத்து ஆளைச் சொல்லுவேன், ஆள் படுத்துக்கொண்டு பேசுகிறானா நின்றுகொண்டு பேசுகிறானா என்றுகூடச் சொல்லுவேன். மார்ச்சில் அந்த அதிகாரி வாயைத் திறந்ததும் நல்ல மனுஷன் என்று இந்தக் காதுதான் சொல்லிற்று. முதலில் ஒரு பெண் தமிழில் பேசினாள், என் ஆதாரைக் காட்டிப் பம்பாயில் யாரோ கணக்குத் திறந்திருக்கிறார்கள், அதில் போதை மருந்துக்காரன் பணம் ஓடியிருக்கிறது என்று. அப்புறம் படம் தெரிகிற போனில் டெல்லி அதிகாரி. தொப்பி, பின்னால் கொடி, நிதானமான இங்கிலீஷ், எங்கள் பழைய என்ஜினியரைப் போல. நடுநடுவே தமிழ்க்காரன் ஒருவன் எடுத்துச் சொல்வான். மேடம், உங்களை வீட்டிலேயே கைது பண்ணியிருக்கோம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது, இது தேச ரகசியம். லைனிலேயே இருங்கள், கட் பண்ணினால் கைதுதான். ரகசியம், லைன். இந்த இரண்டையும் என்னிடம் கேட்டால் நான் இல்லையென்று சொல்லுவேனா. அவர்கள் பின்னணியில் அந்த இருமல், டேப் ஓடுகிற மாதிரி, நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை வந்ததை நான் முதல் நாள் மத்தியானமே கேட்டுவிட்டேன். அதை நினைத்தால்தான் நெஞ்சு எரிகிறது. கேட்டேன், கேட்டுவிட்டு, அது உன் பேச்சு இல்லை சாராள், அதில் காதை வைக்காதே என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன். படிச்ச முட்டாள் என்பார்களே, அது நான். மூன்று நாள் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம் போகக் கையைத் தூக்கினேன். ஆமாம், கையைத் தூக்கினேன், ஐம்பது வயசு குறைந்தவள் மாதிரி. ஐந்து நிமிஷம் என்றார்கள், நாலு நிமிஷத்தில் வந்துவிட்டேன்.

தானியேலை நினைக்காமல் இந்த இடத்தைத் தாண்ட ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், முடிவதில்லை. என் தம்பி. வயசு அறுபத்துநாலு, புத்தி ஆறிலோ ஏழிலோ நின்றுவிட்டது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், நானும் ஒருநாள் இனி காபி போடுவதில்லை என்று விட்டுவிட்டேன். அதில் எனக்குக் குறை இல்லை. அம்மா கடைசியில் கேட்டது ஒன்றுதான், அவனைத் தெருவில் விட்டுராத. விடவில்லையே. நான் போனபின் அவனை ஒரு நல்ல காப்பகத்தில் வைத்துப் பார்க்கத்தான் அந்த டெபாசிட். என் பெயரும் அவன் பெயரும் சேர்த்துப் போட்டது, எடுக்க என் கையெழுத்து போதும், ஆனாலும் பத்திரத்தில் அவன் கைநாட்டு. அவனுக்கு ரேகை அருமையாக விழும், ஒரு வேலையும் செய்யாத கை. முதல் நாள் அவன் அறைக்குள் வந்து போனைப் பார்த்து, "போலீஸ் மாமா" என்று சல்யூட் வைத்தான். அந்த அதிகாரி பதிலுக்கு சல்யூட் வைத்தான். அப்புறம் சொன்னான், உங்க தம்பி பேரும் கணக்கில் இருக்கிறது மேடம், அவரையும் உள்ளே வைக்க வேண்டி வரும். வேட்டியை இடுப்பில் நிறுத்தத் தெரியாதவனை. லைட்டை அணைத்தால் என் கையைத் தேடுகிறவனை. அதற்கப்புறம் அவர்கள் சொன்ன எதற்கும் நான் ஏன் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்துங்கள் என்றார்கள், சாத்தினேன்.

முப்பத்தொன்பது. இவரும் யாரையோ நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார். உதடு அசைகிறது, "சரி சார், சரி சார்". நகைக்கடைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார், அதன் மேலே "ஆறுமுகநயினார், அமீனா (ஓய்வு), ஜில்லா கோர்ட்டு" என்று பால்பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறது. தொலைந்தால் திருப்பித் தருவார்கள் என்று. எழுந்து போய் அந்த இசக்கிசெல்வியிடம் சொன்னால் என்ன? சொல்லலாம். அவள் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். மார்ச்சில் அவள் என்னிடம் கேட்டாளே. பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எம்மா, யாரும் போன்ல மிரட்டுதாங்களா? எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். என் கைப்பைக்குள் போன் திறந்து கிடந்தது, அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேங்க்காரர்களும் இதில் கூட்டு, தடுக்கப் பார்ப்பார்கள் என்று முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் அவளைப் பார்த்து, "ஏம்மா, நான் படிக்காதவள்னு நெனச்சியா? என் பணம், என் அண்ணன் மவளுக்கு வீடு வாங்குதேன். ஒன் வேலையப் பாரு. மேனேஜரக் கூப்பிடு" என்று ஹால் முழுக்கக் கேட்கிறபடி சத்தம் போட்டேன். அவள் முகம் செத்துப் போயிற்று. அவளுக்கு இருபத்தாறு வயசு இருக்குமா. கையெழுத்து வாங்கினாள், அனுப்பினாள். போய்விட்டது. வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தேன், ஒன்றுமில்லை. பேசி முடித்தாச்சா என்று ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டார்கள். நான் சாயங்காலம் வரைக்கும் அதைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

தூணில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. இவ்வளவு நேரம் அதன் முகத்திலேயே முழித்துக்கொண்டிருக்கிறேன், படிக்க மனசு வரவில்லை. டிஜிட்டல் கைது என்று எதுவும் கிடையாது, எந்தப் போலீசும் போனில் பணம் கேட்காது, ஏமாந்தால் உடனே 1930. நாலே நாலு நம்பர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஊர் நம்பர் எல்லாம் அதைவிடச் சின்னது, கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறேன். இந்த நாலை மட்டும் எட்டு மாசமாக என் விரல் போடவில்லை. போட்டால் பெயர் கேட்பார்கள், வயசு கேட்பார்கள், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். டெலிபோனில் வேலை பார்த்தவள் டெலிபோனில் ஏமாந்தாள் என்று சபையில் பெண்கள் ஐக்கியத்தில் அப்பமும் டீயும் வைத்துப் பேசுவார்கள். ஹெப்சிபா போன வாரம் கேட்டாள், "அத்தை, கிறிஸ்மஸுக்கு வாரேன், சித்தப்பா காப்பகத்துக்கு முன்பணம் கட்டிருவோம், டெபாசிட் பத்திரமா இருக்குல்லா?" இருக்கு என்றேன். சாராள், எழுபத்தொரு வயசில் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது உனக்கு. ஒரு பொய்யை அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள், மீதியை நீயே கற்றுக்கொண்டாய்.

நாற்பத்திரண்டு. பணம் கட்டுகிற சீட்டு ஒன்றைக் கிழித்து அதன் முதுகில் எழுதுகிறேன். "போனில் இருப்பது போலீஸ் இல்லை. திருடன். பேசாமல் என்னோடு வாருங்கள்." அவர் முட்டிக்குப் பக்கத்தில், போனின் கண்ணுக்குக் கீழே, நீட்டினேன். அவர் குனிந்து படித்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நான் இசக்கிசெல்வியைப் பார்த்த பார்வை அது. சீட்டைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு எழுந்து, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். உதடு அசைகிறது. என்னைப் பற்றித்தான் சொல்கிறார். ஒரு கிழவி வந்தாள் சார். சபாஷ் ஆறுமுகநயினார் என்று அந்தப் பக்கம் முதுகைத் தட்டிக்கொடுப்பார்கள், எங்களுக்குத் தெரியும், அவள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பார்கள். அவருக்கு இப்போது நான்தான் திருடி.

அன்றைக்கு யார் வந்து என்ன சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன்? எட்டு மாசமாக இதையே அரைத்த மாவை அரைக்கிறேன். போதகர் வந்திருந்தால்? அவரையும் கூட்டு என்றிருப்பேன். ஹெப்சிபா காலைப் பிடித்திருந்தால்? நீ சின்னப் பிள்ளை, உனக்குச் சட்டம் தெரியாது என்றிருப்பேன். அம்மாவே கல்லறையிலிருந்து எழுந்து வந்திருந்தாலும், கொஞ்சம் இரும்மா, லைனில் இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தையும் காதில் ஏறாது. காதுக்குள் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது வேறு யார் வார்த்தை ஏறும். யாராவது அந்த லைனை அறுத்திருந்தால் ஒருவேளை. ஒரே ஒரு நிமிஷம் அந்தச் சத்தம் நின்று, அடுப்படியில் குழாய் சொட்டுகிற சத்தமும் தெருவில் மீன்காரன் சத்தமும் காதில் விழுந்திருந்தால் ஒருவேளை. யாரும் அறுக்கவில்லை. நாற்பத்துநாலு. அறுப்பது பெரிய காரியம் இல்லை. அறுத்தபின் இவர் கூச்சல் போடுவார், எல்லாரும் திரும்புவார்கள், ஏன் செய்தாய் என்று கேட்பார்கள், அப்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதுதான் பெரிய காரியம். இவர் யாரோ. இவர் பணம் யாருக்கோ. நான் பேசாமல் விரலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் யாரும் என்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. நாற்பத்தைந்து. அவர் பையிலிருந்து பத்திரங்களை எடுத்து ஓரம் சேர்த்து அடுக்குகிறார். ஒன்று நழுவி விழுகிறது, குனிந்து எடுத்துத் தொடையில் துடைக்கிறார். நானும் துடைத்தேன்.

டிங் என்று நாற்பத்தாறு விழுந்தது. மூன்றாம் கவுண்டர். அவர் எழுந்தார், நானும் எழுந்துவிட்டேன். முட்டி வலியோடு இரண்டு எட்டு வேகமாகப் போட்டு அவருக்கு முன்னால் போய் நின்று, அவர் சட்டைப் பையில் கையை விட்டுப் போனை உருவிவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு ஆம்பிளையின் சட்டைப் பையில் கைவிட்டது அதுதான். வயர் காதிலிருந்து தெறித்தது. கண்ணாடிக்குள் தொப்பி, கொடி. வேறு முகம், அதே கொடி. எனக்கு என் பழைய குரல் எங்கிருந்தோ வந்தது, போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற குரல். "பேசி முடிச்சாச்சு. லைனத் துண்டிக்கிறேன்" என்றேன். சிவப்பை அமுக்கினேன், கேட்கவில்லை, தேய்ந்த விரலுக்கு அதுகூட மசியாது, விரலை நாக்கில் தொட்டு மறுபடி அமுக்கினேன். தொப்பி போய்விட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, எம்மா, என்ன காரியம் செஞ்சிட்டீங்க. என் மவளத் தூக்கிருவாங்கம்மா, பெங்களூர்ல தனியா இருக்காம்மா" என்று அழுதார். காவலாளி ஓடி வந்து, "ஏம்மா, என்ன செய்யுதீங்க, போனக் குடுங்க" என்றார். வாழைப்பழக்கார அம்மாள் பாதிப் பழத்தோடு எழுந்து நிற்கிறாள். எல்லா முகமும் என் பக்கம். இசக்கிசெல்வி கவுண்டரைவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஒங்க மவள யாரும் தூக்க மாட்டான். அது போலீசு இல்ல" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யாரு?" என்றார். "எனக்கும் செஞ்சாங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எனக்கும் இதே மாதிரி செஞ்சாங்கய்யா. மூணு நாளு. இதே இருமலு, இதே மணி, கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இந்தக் கவுண்டர்லதான் வந்து அனுப்பினேன். இந்தப் பிள்ள கேட்டுது, நான் ஏசினேன். எல்லாம் போச்சு. என் பணம் இல்ல அது, புத்தி சரியில்லாத என் தம்பிக்கு வச்சிருந்தது." சொல்லி முடித்துவிட்டேன். வானம் இடியவில்லை. ஆறுமுகநயினார் நாற்காலியில் உட்கார்ந்தார், இந்தத் தடவை முதுகு முழுக்கச் சாய்ந்தது. "சம்மன் காட்டினாம்மா" என்றார், என்னிடம் இல்லை, பொதுவாக. "முத்திரை போட்ட சம்மன். முப்பது வருஷம் வீடு வீடாப் போயி சம்மன் குடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா சம்மன். நானே போன்ல பாத்துட்டு ஒப்புக்கிட்டேனே." நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் முப்பத்துமூணு வருஷம் போன் எடுத்தவ" என்றேன்.

இசக்கிசெல்வி அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பத்திரங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "தாத்தா, இது போகல, இங்கதான் இருக்கு. முன்னாடி எதுவும் அனுப்பினீங்களா?" என்று கேட்டாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "நேத்து. ஒரு பங்கு" என்றார். "நேத்துதானா? இப்பவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குப் போடுவோம். ஒரு நாள்தான்னா பாதியாவது நிறுத்திப் பிடிக்க வழி இருக்கு" என்று தன் போனை எடுத்தவள், நின்று, என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருக்கலாம். "ஒங்களது என்னைக்கும்மா? அன்னைக்கேவா?" "ஆமா. மார்ச்சு." விரலை மடக்கி மாசத்தை எண்ணவில்லை, ஆனால் எண்ணினாள் என்று எனக்குத் தெரிந்தது. "சொல்லிருக்கலாம்லாம்மா" என்றாள் மெதுவாக. "அவருக்குப் புகார் எழுதும்போது ஒங்களுக்கும் சேத்து எழுதுவோம்." எழுதலாம். எழுதி என்ன வரப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஹெப்சிபாவுக்கு இன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும், கிறிஸ்மஸ் வரை வைக்கக் கூடாது. அவள் அழுவாள். அப்புறம் சித்தப்பாவுக்கு என்ன செய்ய என்று கேட்பாள்.

அப்போது என் மடியில் இருந்த அவருடைய போன் அடித்தது. அவர்கள்தான். தொப்பிக்காரன் படத்தோடு அடிக்கிறது. என் கை தானாக எழுந்துவிட்டது, முப்பத்துமூன்று வருஷத்துப் பழக்கம், கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டேன். ஆறுமுகநயினார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எடுக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அடிக்கிறது, அடிக்கிறது. மிஸ் லாரன்ஸ் பின்னால் செருப்புச் சத்தத்தோடு வந்து நிற்கிறாள். நான் எடுக்காமல் விடுகிற முதல் மணி இதுதான் மிஸ் என்று மனசுக்குள் சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது பொய். நான் வேலையில் இருந்த நாளெல்லாம் தானியேல் நாலு மணிக்கு மூலைக் கடை போனிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குக் கூப்பிடுவான், அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அது, "எக்கா, நாந்தான்" என்பான், நானும் ஒரு நாள் விடாமல் எடுப்பேன். அந்த மார்ச்சில், இரண்டாம் நாள், கதவைச் சாத்திவிட்டுப் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வெளியே அவன் நின்றான். "எக்கா, பசிக்கி" என்றான். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்கேயோ போய்த் தன் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மணி அடிக்கிற மாதிரி தட்டினான். இரண்டு தட்டு, நிறுத்துவான், இரண்டு தட்டு. இருட்டுகிறவரைக்கும் தட்டினான். நான் எடுக்கவில்லை.